கடல் சாமந்தியும் சிலுவையின் தோளும்

தருவைகுளத்து விஜிலா தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகி ஆறு வருஷம். நரம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாளானால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இறங்குகிற இடத்தையே கோட்டைவிட்டுவிடுவாள். வலியுணரும் நரம்புச் செல்லில் குட்டிக் குட்டி வாசல்கள் இருக்கின்றன. புண்பட்ட சதையில் ஊறும் அமிலம் பட்டால் திறக்கும், உடனே வலி. சங்கு குளிக்கும் அவள் புருஷன் சிலுவையின் தோள் ஓயாமல் எரிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வை நடத்தும் செல்வராணி மேடம் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இதே பித்து.

அந்த வாசலை அடைக்கும் நஞ்சு, பாறையில் பூப்போல விரிந்திருக்கும் கடல் பிராணியான கடல் சாமந்தியில் இருக்கிறதா என்பதுதான் மேடத்தின் ஆய்வு. முங்கி எடுத்துக் கொடுப்பவன் சிலுவை. இரண்டு தடவை கொடுத்தும் பூ செத்தே வந்து சேர்ந்தது. மூன்றாம் தடவை விஜிலாவே கரைக்குப் போனாள். மனுஷன் பெருமையாக ஐஸ் பெட்டியைத் திறந்தான்! பிடித்ததை ஐஸில் புதைப்பது கடற்கரைக்காரன் கை தானாகச் செய்கிற வேலை. உயிரோடு வேண்டிய பூ கூழாகக் கிடந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்காவதைக் கடல்தண்ணீர் வாளியில் போட்டு, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். நஞ்சை வடித்தெடுப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஆய்வின் கெடு அன்றோடு சரி.

எலியின் நரம்புச் செல் ஒன்றைக் கண்ணாடி ஊசி நுனியில் பிடித்து, மேடம் அமிலம் விட்டார். திரையில் கோடு சரேலென்று இறங்கி ஏறியது, வாசல் திறந்துவிட்டது. அடுத்து நஞ்சு. பிறகு மறுபடி அமிலம். கோடு அசையவேயில்லை.

விஜிலா துள்ளப் போனாள். மேடம் கையமர்த்தினார். செல் செத்திருந்தாலும் கோடு இப்படித்தான் கிடக்கும் என்றார். நஞ்சைக் கழுவிவிட்டு இன்னொரு முறை அமிலம் விட்டார்கள்.

கோடு இறங்கியது. அடி ஆத்தி, செல் உயிரோடு இருக்கிறது! அடைத்தது நஞ்சேதான்! மேடம் அவளைக் கட்டிக்கொண்டார். கெடுவை நீட்டக் கேட்கலாம், இன்னும் நிறையப் பூ வேண்டும் என்றார்.

விஜிலா வராந்தாவுக்கு ஓடி, சிலுவைக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னாள்.

“அப்ப என் தோளுக்கு மருந்து வந்துருமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வருசக்கணக்கா ஆவுங்க. வராமயும் போவலாம்.”

அந்தப் பக்கம் அவன் வாளியை எடுக்கும் சத்தம் கேட்டது.

“சரிளா. நாளைக்கு எத்தன பூ வேணும்?”