ஈரமானதைத் தொடக்கூடாது

அவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஷரத்து. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

களிமண்ணில் கோப்பையும் தட்டும் செய்கிற ஸ்டூடியோ அவளுடையது. ஒரு சக்கரம், ஒரு மின்சாரச் சூளை, சுவர் நீளத்துக்கு அலமாரி, நடுவில் இருபது பேர் உட்காரக்கூடிய மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள், பிரிவுபசாரம் என்று விருந்துக்கு இடம் விடுவாள். முதல் விருந்துக்கு ஷரத்தே கிடையாது. "பாத்து நடந்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்களும் பார்த்துத்தான் நடந்துகொண்டார்கள். ஒரு தாத்தாவைச் சக்கரத்தின் மேல் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சக்கரம் நாற்காலி அல்ல என்ற முதல் ஷரத்து அன்றைக்குப் பிறந்தது.

'கொஞ்சம் பேர்' என்று சொன்னால் போதாது, எண்ணில் எழுத வேண்டும் என்பது, கொஞ்சம் பேர் தனி பஸ் பிடித்து வந்து இறங்கிய பிறகு சேர்த்தது. கோப்பைக்குப் பூசுகிற மெருகைக் கன்னத்தில் பூசக்கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு மணப்பெண் இருக்கிறாள். இப்படி மூன்று வருஷத்தில் பதினேழு ஷரத்துகள். அவற்றில் ஐந்தாவதுதான் அவளுக்குப் பிடித்தது: ஈரமானதைத் தொடக்கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று நினைத்திருந்தாள்.

அத்தான் ஓய்வு பெற்றபோது அக்கா விருந்துக்கு இடம் கேட்டாள். இவள் ஷரத்துத் தாளை நீட்டினாள்.

"கூடப் பொறந்தவகிட்டயே கையெழுத்து வாங்குவியா?"

"அம்மாவே வந்தாலும் வாங்குவேன்."

அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினேழையும் உரக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். கையோடு ஒரு நகலும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் அலமாரியில் இருபத்து நாலு கோப்பைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆறு வருஷமாகக் கேட்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில் முதல்முறையாகக் கண்காட்சியில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சூளையில் வைத்தால், அடுத்த வாரம் கண்காட்சி. விருந்தை வேறு நாளைக்குத் தள்ளியிருக்கலாம். பதினேழு ஷரத்து இருக்கும்போது என்ன பயம் என்று இருந்துவிட்டாள்.

விருந்தில் அக்கா போலீஸ்காரி மாதிரி நின்றாள். யாரோ சக்கரத்தில் கை ஊன்றப்போனார். "ஷரத்து ஒண்ணு" என்று விரட்டினாள். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இவள் கேக் வாங்கிவரக் கிளம்பினாள்.

அரை மணி நேரத்தில் திரும்பினாள். அலமாரி காலி. எல்லார் கையிலும் கோப்பை, கோப்பையில் பழச்சாறு. சுடாத மண்ணில் தண்ணீர் பட்டால் அது பழையபடி வெறும் மண்தான். கைப்பிடிகள் கழன்று விழுந்தன, விரலிடுக்கில் சேறு வழிந்தது. விருந்தாளிகள் மரியாதை தெரிந்தவர்கள், கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றார்கள். அத்தானின் அலுவலக நண்பர் மட்டும் பாதியைக் குடித்துவிட்டு, "ருசி நல்லாருக்கு, கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார்.

"அஞ்சாவது ஷரத்துப்படி ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்," என்றாள் அக்கா. "ஒண்ணுகூட ஈரமா இல்ல."

தப்பு இவளுடையதுதான். மண்ணோடு முப்பது வருஷம் பேசிப் பழகியவளுக்குச் சூளைக்குப் போகாத எல்லாமே ஈரம். அக்கா சமையலறைக்காரி, அங்கே காய்ந்த பாத்திரம் என்றால் எடுத்துப் புழங்கத் தயார் என்று பொருள். சண்டை போடக்கூட இடமில்லாதபடி அக்கா ஒப்பந்தத்தை மதித்திருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் புதிதாகச் செய்து காயவைத்துச் சுட நேரமில்லை. மறுநாள் காலையில் கண்காட்சிக்காரர்களுக்குப் போன் செய்து, தன்னால் வர முடியாது என்று சொன்னாள். அவர்கள் பரவாயில்லை என்றார்கள். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

பத்து மணிக்கு அக்கா நகலோடு வந்தாள்.

"கையெழுத்துப் போட்டவரே பொறுப்புன்னு கடைசியில எழுதியிருக்கே. என்ன செய்யணும் சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேணாம்." இவள் ஐந்தாவதை அடித்துவிட்டு, சுடாததைத் தொடக்கூடாது என்று எழுதினாள். மேசைக்கு அடியில் பேப்பர் கப் கட்டு பிரிக்காமலே கிடந்தது கண்ணில் பட்டது. "கப்தான் இவ்வளவு இருக்கே. அப்புறம் ஏன் அதை எடுத்தே?"

அக்கா நகலை நாலாக மடித்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் உழைச்ச மனுஷன். அவருக்குப் பேப்பர் கப்புல குடுக்க மனசு வரல. உன்னோடது அவ்வளவு அழகா இருந்துச்சு."

கண்காட்சி போன துக்கமா, இதைக் கேட்ட சந்தோஷமா என்று இவளுக்கே தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அக்கா பதறிப்போய் மடித்த தாளைப் பிரித்தாள்.

"இதுக்கும் நான்தான் பொறுப்பாடி?"

"ஆமா," என்றாள் ஷரத்து.