மழைக்கும் போகாத மருந்து

கல்யாணமாகி, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்கு வந்த வருஷமே வீட்டுக்குப் பின்னால் ஐந்து கொய்யாக் கன்றுகள் நட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அவை நன்றாகக் காய்த்தன. கூடவே மாவுப்பூச்சியும் வந்தது. வெள்ளை வெள்ளையாக மெழுகு பூசியதுபோல் இருக்கும் அதன் மேல் மருந்து நிற்காமல் உருண்டுவிடும். அதனால் என் வீட்டுக்காரர் மருந்துத் தண்ணீரில் சவுக்காரம் கரைத்து அடிப்பார். நல்ல மழை ஒன்று பெய்து மருந்து கழுவிப்போனபின் பழம் பறிக்கலாம் என்பது எங்கள் வழக்கம்.

ஒரு ஆனி மாதம் கடையிலிருந்து புதிதாக ஒரு புட்டி வாங்கி வந்தார். பால் மாதிரி ஒரு பசை. அதை மருந்தோடு கலக்கும்போது, "என்னங்க இது?" என்று கேட்டேன்.

"சவுக்காரத்துக்குப் பதிலு. உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார்.

நான்காம் நாள் மழை கொட்டியது. மறுநாள் உடுமலைப்பேட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். நான் பழங்களைப் பறித்து, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் கொடுத்தேன். அக்கா மூன்று தின்றாள். அடுப்பில் வேலை இருந்ததால் நான் ஒன்றும் தின்னவில்லை.

சற்று நேரத்தில் அவளுக்கு வாயில் எச்சில் வழிந்தது. வாந்தி. கைகால் வெடவெடவென்று நடுங்கின. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசிமேல் ஊசி போட்டார். தகவல் தெரிந்து ஓடிவந்த என் வீட்டுக்காரரிடம், என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டார்.

"பசை கலந்து அடிச்சதுங்க. மழைக்குங்கூடப் போகாதாம், ரெண்டு வாரம் பறிக்காதீங்கன்னு கடைக்காரரு சொன்னாருங்க."

பக்கத்தில் நின்ற எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "நீ ஏன் கண்ணு ஒண்ணுகூடத் திங்கல?" என்றாள். அவள் மாமியார் கேட்கச் சொன்ன கேள்வி அது. ஆனால் அக்காவின் கண்ணிலும் அது இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். "நீங்க சொல்லாததுதான் காரணம்னு அவங்க ஊட்டுல போய் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பறிச்சது நீதான? நான் போய் என்னத்தச் சொல்லட்டும்?" என்றபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானே போனேன். அக்கா வீட்டில் வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த வருஷமும் அவர் அதே பசையைக் கலந்து அடித்தார். பூச்சி அடியோடு போய்விட்டதென்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் அந்த மரங்கள் பக்கம் போவதை விட்டேன்.

சில வருஷங்கள் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம். எங்களுக்கு வந்த பத்திரிகையின் மேல் என் வீட்டுக்காரர் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்து நன்றாக உபசரித்தார்கள் என்று திரும்பிவந்து சொன்னார்.