உரல்குழிப் பாறையில் ஓர் எரிமலை

மாணிக்கம் இருசாயியை முதலில் பார்த்தது 1962 ஆடி மாதத்தில். மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு பாறையின்மேல், நில அதிர்வைப் பதியும் அரசுக் கருவிக்கு அவன் தகரக் கொட்டகை போட்ட இரண்டாம் நாள். முறத்தில் சாமையும் தோளில் உலக்கையுமாக வந்தவள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, எங்க உரலை உள்ளார வெச்சுப் பூட்டிப்புட்டீங்களா?"

பாறையிலேயே குடைந்த அந்தக் குழி நாலடி தள்ளித் தப்பியிருந்தது. அதைக் கண்டதும் சிரித்துவிட்டாள். மாணிக்கமும் சிரித்தான். அடிவாரத்தில் அம்மா கூலிக்கு நெல் குத்தித்தான் தன்னை பி.எஸ்சி. வரை படிக்கவைத்தாள் என்று கேட்காமலே சொன்னான். வம்சத்தில் முதல் பட்டம். சொல்லாமல் இருக்க முடியாது அவனுக்கு.

கருவியின் ஊசி, கரிப்புகை படிந்த தாளில் நடுக்கத்தை வெள்ளைக் கோடாகக் கீறும். மாணிக்கத்திடம் ஒரு கணக்கு இருந்தது. எரிமலையின் தொண்டையில் ஏறும் நெருப்புக் குழம்பு களிபோல் கெட்டியானது. சுவரில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். அப்படியானால் நிலம் சீராகத் துடிக்க வேண்டும். கடலுக்கு அப்பால் ஏதோ தீவில் மலை நெருப்பைக் கக்குவதாகப் பத்திரிகையில் வந்த வாரம், தாளில் சீரான துடிப்பு விழுந்தது. அவன் கணக்குப் போட்ட அதே இடைவெளி!

கரி அழியாமலிருக்க அரக்குப் பூசித் தாளை உலர்த்தும்போது இருசாயி எட்டிப் பார்த்தாள்.

"இது நானும் மருமவ கண்ணாயியும் குத்துனதுங்க. பெருசு என்னுது, சிறுசு அவளுது. இந்தா, இங்க ஒண்ணு காணோம் பாருங்க, தும்மல் வந்து நின்னுட்டா."

"போங்கக்கா, இது நெருப்பு மலை. படிச்சவங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உலக்கைச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அந்தத் தாளம் தெரியாதா? ஆனாலும் கணக்கோடு சேர்த்துத் தாளைச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பினான்.

ஐப்பசியில் ஒரு காலை, மாணிக்கம் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், மேலதிகாரி வந்தார். வெளியே சாமை இடிபட, உள்ளே ஊசி துள்ளுவதைக் கண்டு, திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உன் எரிமலை காலைச் சோத்துக்கு முன்னாடி மட்டும்தான் கொதிக்குமா? வேற எந்த ஊர்த் தாள்லயும் இது விழலை. இங்க குத்துறாங்கன்னு உனக்குத் தெரியாது?"

வேலை போய்விடும். நாக்கு முந்திக்கொண்டது.

"தெரியாதுங்க சார். நான் இல்லாத நேரமாப் பாத்துத் திருட்டுத்தனமா வந்து குத்தியிருக்காங்க."

இருசாயி உலக்கையைக் கீழே வைத்தாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமாங்க எசமான். சாமிக்குத் தெரியாமத்தான் குத்துனோம்."

அன்று மாலையே குழியில் சிமெண்ட் போட்டு அடைத்தார்கள். கரண்டி பிடித்தது மாணிக்கம்.

அதிகாரி மலையிறங்கியபின் அவளிடம் போனான். "ஏனுங்கக்கா அப்படிச் சொன்னீங்க?"

"நெல்லுக் குத்திப் படிக்க வெச்சவ கீழ இருக்காளே கண்ணு. வேலையில்லாம அவ முன்னால போயி நிப்பியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

உண்மையை மேலதிகாரிக்கு எழுதிவிட மூன்று முறை உட்கார்ந்தான். ஒரு கடிதமும் தபாலில் சேரவில்லை.

இது 1965. மாணிக்கம் அதே கொட்டகையில்தான் வேலை பார்க்கிறான். இருசாயி மருமகளோடு ஒரு மைல் நடந்து, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாறையில் சாமை குத்துகிறாள்.