அப்பாவுக்காக நான் தளர்த்திய விதிகள்

மராத்தி பேசும் ஊரில், கேம்ப் என்கிற பகுதியிலுள்ள ஒரு பெண்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்றால் பெற்றோர் என்னவோ பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றுமில்லை, ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்து படிக்கலாம். சுவருக்கு ஒரு குறி, ஆளுக்கு ஓர் எழுத்து, பெட்டிக்கு ஓர் எழுத்து என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் கீழே விதிகள், வரிக்கு ஒன்று: ஆள் போகிற திசையில் பெட்டி இருந்தால் பெட்டியும் நகரும். பிறகு எப்போது வெற்றி என்று ஒரு வரி: எல்லாப் பெட்டிகளும் குறியிட்ட கட்டங்களில் இருந்தால். கடைசியில் அதே எழுத்துகளால் வரைந்த அறைகள். அவ்வளவுதான், பிரவுசரில் விளையாட்டு ஓடும். எழுதியவள் சொன்னதை அது அப்படியே கேட்கும். என் வகுப்பும் நான் சொன்னதைக் கேட்காது, என் வீடும் கேட்காது. அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா போசரியில் ஒரு கியர் கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். போன மழைக்காலத்தில் ஒரு காலை பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். ஏரவாடாவில் நடுரோட்டில் நின்றவரை ஓர் ஆட்டோக்காரர் கூட்டிவந்தார். சட்டைப் பையிலிருந்த சர்ச் காணிக்கைக் கவரில் விலாசம் இருந்ததால் பிழைத்தோம். "அங்கிள் கோ சம்பாலோ, தீதி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பார்த்துக்கொள்ளச் சொல்வது சுலபம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கூடுமே தவிரக் குறையாது என்றார். நான் வெளியே வந்து, "வயசானா மறதி வரத்தாம்ப்பா செய்யும்" என்றேன். அப்பா நம்பினார்.

அந்த வாரமே அப்படியொரு பெட்டி விளையாட்டை அப்பாவுக்குச் செய்து லேப்டாப்பில் கொடுத்தேன். எனக்குள் ஒரு முடிவும் செய்தேன். தினம் காலையில் ஓர் அறையை அப்பா ஜெயித்துவிட்டால் அன்றைக்கு அவர் என் அப்பாவாகவே இருக்கிறார் என்று அர்த்தம். முட்டாள்தனம் என்று தெரியும். ஆனால் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை.

முதல் மாதம் நன்றாகவே விளையாடினார். மூலையில் போன பெட்டியை மறுபடி எடுக்க முடியாது என்று எனக்கே பாடம் நடத்தினார். "அவசரப்படக் கூடாதுட்டி, பொறு" என்பார். பிறகு ஒருநாள் அவரே பெட்டியை மூலைக்குத் தள்ளிவிட்டு, அரைமணி நேரம் அதையே முட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூல் விட்டு வந்ததும் ஃபைலைத் திறந்து இரண்டு சுவர்க்குறிகளை அழித்தேன். மறுநாள் ஜெயித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தீபாவளிக்கு முன் பெட்டியை இழுக்கவும் செய்யலாம் என்று ஒரு விதி சேர்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முன் 'எல்லாப் பெட்டிகளும்' என்பதை 'ஏதாவது ஒரு பெட்டி' என்று மாற்றினேன். காப்பியடித்த பிள்ளைகளுக்கு முட்டை போடுகிற டீச்சர் நான். ஊருக்குத்தான் உபதேசம். ஒவ்வொரு முறையும் இதுவே கடைசியாக இருக்கட்டும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினேன். இரண்டு வாரத்தில் அதுவும் அவருக்கு எட்டாமல் போகும். ஆத்திரம் வந்தது, அவர் மேலேயே வந்தது. ஒருநாள் "இதுகூடவாப்பா தெரியல?" என்று கத்திவிட்டேன். அவர் குழந்தை மாதிரி விழித்தார். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் இப்படி ஒரு விதி எழுதினேன்: எந்தப் பட்டனை அழுத்தினாலும் பெட்டி குறியிட்ட கட்டத்தை நோக்கி ஓர் அடி நகரும்.

மறுநாள் காலை அவல் போஹா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா லேப்டாப் முன் உட்கார்ந்தார். மேலே போகும் பட்டனை அழுத்தினார். பெட்டி இடப்பக்கம் போனது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி மேலே அழுத்தினார். மறுபடி பெட்டி இடப்பக்கம் போனது.

"நா தள்ளலியே."

"நீங்கதாம்ப்பா தள்ளுனீங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

"ஆளு அங்கல்லா நிக்கான். பெட்டி இங்க போவுது. பொறவு எவன் தள்ளுதான்?"

இன்னொரு முறை அழுத்தினார். வெற்றி என்று திரையில் வந்தது. நான் வழக்கம்போலக் கைதட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பல மாதங்களாக அப்படி நேராக அவர் என்னைப் பார்த்ததில்லை.

"ஏட்டி, இத நீ மாத்திட்டியா?"

தலையாட்டினேன்.

"எனக்காவவா?"

என் கை இன்னும் தட்டின நிலையிலேயே இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்போ நா அந்த அளவுக்கா ஆயிட்டேன்?"

டாக்டர் சொன்னதை அவருக்குத் தெரியாமல் இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்தேன். அதை நானே வரிவரியாக எழுதி அவர் முன்னால் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா லேப்டாப்பை மெதுவாக மூடினார். மூடிய கையை அதன் மேலேயே வைத்திருந்தார். நான் எழுந்து பையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

"இன்னிக்கி போவாதட்டி" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."