மூட்டம் ஏறுவதற்குள் சுடுதண்ணீர்

என் மனைவிக்கு இழுப்பு. குளிர்ந்த தண்ணீர் மேலில் பட்டாலும் இழுக்கும், ஈரவிறகுப் புகை மூக்கில் ஏறினாலும் இழுக்கும். மலையில் கொழுந்தெடுக்கிறவள் மழையில் நனையாமல் இருக்க முடியுமா? நனைந்து வந்தால் சுடுதண்ணீரில் குளித்தாக வேண்டும். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் அடுப்பு மூட்ட வேண்டும். லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் அடுப்பு மூட்டினால், மழைக்காலத்து விறகு எரிவதற்கு முன் ஒரு பாட்டம் அழவைத்துவிட்டுத்தான் எரியும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வாட்டுகிற வேலையில் இருப்பவனுக்கு வெயிலும் காற்றும் என்ன செய்யும் என்பது கையில் ஏறிவிடும். ஒரு நாள் தகரக் கூரைக்கு அடியில் வேர்த்துக்கொண்டு நிற்கும்போது நினைத்தேன்: இந்தச் சூட்டுக்கு விறகும் இல்லை, புகையும் இல்லை. இதைத் தண்ணீருக்குள் இறக்கினால் என்ன?

பெரகல சந்தியில் ரோட்டு வேலைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன தார்ப் பீப்பாய் ஒன்று கிடைத்தது. அதை நெடுக்காக வெட்டிப் பாதியை எடுத்தேன். நெருப்புப் போட்டு நாற்றம் போக எரித்துக் கழுவி, உள்ளும் புறமும் கறுப்பு அடித்தேன். லயத்துக்குப் பின்னால் வெயில் விழும் கல் வரிசையில் தொட்டி மாதிரிக் கிடத்தி, மேலே பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சட்டத்தில் பூட்டி மூடினேன். மலை ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியைத் தூக்கிக் கையை விட்டேன். சுட்டது. சத்தியமாகச் சுட்டது. அன்றிலிருந்து லயத்தில் எனக்கு வெயில் கங்காணி என்று பெயர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்துகிற மாதிரி வெயிலைப் பெரட்டுக்கு நிறுத்திப் பேர் கூப்பிடுகிறவனாம்.

வேலை நாளில்தான் வினை. மத்தியானம் சுடுகிற தண்ணீர் அவள் மலையிலிருந்து இறங்கும் சாயங்காலத்துக்கு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் மத்தியானம் திரும்பினால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவிடும். வெயில் போனதும், கண்ணாடி வழியாக வந்த சூடு வந்த வழியே திரும்பிவிடும். கண்ணாடிக்கு மேல் சாக்குப் போட்டு மூடினேன், சாக்குக்கு மேல் கம்பளி போட்டேன். மூட்டம் வருமுன் மூடிவிட வேண்டுமே, அதற்கு ஆள்? பக்கத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்துக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவிடம் சொல்லிவைத்தேன். சரி என்றாள். மூடவும் செய்தாள். இருந்தும் சாயங்காலம் தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே. ஓட்டையா, கறுப்பு போதவில்லையா? மறுபடி கறுப்பு அடித்தேன், தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன், அடியில் சூடு இறங்காமல் காய்ந்த மானாப்புல்லைத் திணித்தேன். மாடியில் நின்றால் கண் கொழுந்தில் இருக்காது. ஜன்னலுக்குப் போய் வானத்தையும் கீழே தெரியும் தொட்டியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு மேகம் வந்தால் என் வயிற்றின் மேல் நிழல் விழுந்த மாதிரி இருக்கும்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் அதைக் கண்டேன். உச்சி வெயிலில் ஆயாம்மா வாளியோடு தொட்டிக்கு வந்தாள். கண்ணாடியைத் தூக்கினாள், மொண்டாள், மறுபடி மொண்டாள். பிறகு பீலித் தண்ணீரைக் கொண்டுவந்து குறைந்த இடத்தை நிரப்பி, சாக்கையும் கம்பளியையும் பக்குவமாக மூடிவிட்டுப் போனாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பிள்ளைகளைக் குளிப்பாட்டத்தான் எடுக்கிறாள், தெரிகிறது. ஆனால் என் வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறாளே. கொழுந்தை விட்டு இறங்க முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் மூட்டம் ஏறியது, கூடவே மழையும். சங்கு ஊதியதும் ஓடினேன். மனைவி எனக்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் தொடங்கிவிட்டது. தொட்டியில் கையை விட்டேன். பச்சைத் தண்ணீர். விறகை எடுத்தேன், அதுவும் ஈரம்.

"வேணாங்க" என்றாள், மூச்சுக்கு நடுவில். "அடுப்ப மட்டும் மூட்டாதீங்க."

விறகைக் கையில் வைத்துக்கொண்டே ஆயாம்மாவின் பெயரை ஏலம் போடத் தொடங்கினேன். லயத்து வாசலெல்லாம் தலைகள் நீண்டன. அப்போது அவளே வந்தாள், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு தேயிலைப் பெட்டியோடு. பெட்டிக்குள் மானாப்புல், புல்லுக்குள் மூடிபோட்ட பெரிய பானை. பிள்ளைகளின் கஞ்சி ஆறாமல் இருக்க அவள் வைத்திருக்கும் பெட்டி அது.

"கத்துறத அப்புறம் கத்து தம்பி. மூட்டம் ஏறுச்சு, அந்தக் குளுருல புள்ளைகளுக்கு ஊத்த மனசு வரல. அப்புடியே வச்சிட்டேன். தொட்டுப் பாரு."

தொட்டேன். விரலை இழுத்துக்கொண்டேன். மத்தியானச் சூடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஒன் தொட்டியில கெடந்திருந்தா இந்நேரம் பீலித் தண்ணிதான்" என்றாள். "காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு சும்மாவா சொன்னாங்க? வெயில் இருக்கையில மொண்டு வைக்காம, அத கம்பளிய போட்டுத் தூங்க வச்சா நிக்குமா?"

விறகைக் கீழே போட்டேன். இருந்தாலும், "கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"ஒம் பொண்டாட்டிய கேட்டுத்தான் எடுத்தேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மூச்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "எப்புடியும் ஆறிப்போற தண்ணிதானே, புள்ளைகளுக்காவது ஆகட்டும்னு நாந்தான் சொன்னேன். ஒங்ககிட்ட சொன்னா தூங்கமாட்டீங்க."

பானைத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவியதில் ஒரு குளியலுக்குத் தாராளமாக வந்தது. சாக்கு மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செம்புத் தண்ணீர் விழும்போதும் நெஞ்சுச் சத்தம் குறைகிறதா என்று கேட்டேன். குறைந்தது, நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. ஆயாம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, மறைப்புக்கு வெளியே நிற்கிறவனுக்குத்தான் இழுப்பு போலிருக்கு என்று பக்கத்துக் காம்பராவுக்குச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் தொட்டியை நிரப்பினேன். முதல் சூடு பிள்ளைகளுக்கு, மூட்டத்துக்கு முந்தின சூடு என் வீட்டுப் பெட்டிக்கு என்று ஆயாம்மாவோடு பேச்சு. தொழிற்சாலையில் உடைந்த பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பெரகல பக்கம் பார்த்தேன். பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. புகையா, மூட்டமா என்று தெரியவில்லை; மூட்டமென்றால் இன்றைக்கு வெயில் இல்லை. பெரட்டுக்கு நேரமாகியும் பார்த்துக்கொண்டே நின்றேன்.