கௌதாவுக்கு விழுந்த ஆறு ஆறு

கரும்பு லாரி ஆலைக்குள் நுழையும்போது ஒருமுறை, காலியாகத் திரும்பும்போது ஒருமுறை எடைமேடையில் ஏறும். ஆலையின் இரண்டு மேடைகளில் ஒன்றில், இரண்டு முறையும் ஜன்னலுக்குள் இருந்து எண்ணைப் படித்துச் சொல்பவர் கௌதா அக்கா. பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

அவர் கை ராசியில்லாத கை என்று டிரைவர்கள் எல்லோரும் நம்பினோம். அவர் எடை போட்டால் கரும்பு குறையும். உண்மை என்னவென்றால், அவருக்கு முன்னால் இருந்தவர் வேண்டப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் படிப்பார். இவர் உள்ளதைப் படித்தார். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ராசி என்று சொல்வது சுலபமாக இருந்தது. அவர் கணவர் வடக்கே லிரா நகரத்துப் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகளை அக்கா தனியாகத்தான் வளர்த்தார். அதையும் அந்தக் கையின் மேலேயே போட்டார்கள்.

அரவைக் காலத்தில் ஆலை வாசலில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வரிசையில் கிடப்போம். அங்கே ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில் எங்கள் லூடோப் பலகை. கண்ணாடி பதித்த பலகை, இரண்டு பகடை, குலுக்க ஒரு பிளாஸ்டிக் குவளை. எங்களிடம் ஐந்து பேர் அணி ஒன்றும் இருந்தது. பாலிகோவா தலைவர், நான் இரண்டாவது ஆள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கௌதா அக்கா சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலைக் குழம்பும் உள்ள டப்பாவோடு வந்து நின்று பார்ப்பார். ஒருநாள் நான் சீண்டினேன்.

"என்னக்கா, எங்க காயையும் எடை போடப் போறீங்களா?"

"இல்ல இசாபிர்யே. அந்தப் பச்சைக் காயை வெட்டாம விட்டியே, ஏன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பச்சைக் காயால்தான் அன்று நான் தோற்றேன். மறுநாள் அவருக்கு உட்கார இடம் கொடுத்தோம்.

காயை நகர்த்துவதில் அவருக்கு இணையாக எங்களில் யாருமில்லை. பகடைதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று விழும், இரண்டு விழும், ஆறு மட்டும் விழாது. பாலிகோவா கேட்பார்: "அக்கா, உங்க பகடைக்கு ஆறு பக்கமா, அஞ்சுதானா?"

"விழும்போது எண்ணிக்க. அதுவரைக்கும் உன் காயைப் பத்திரமா வெச்சுக்க."

அந்த வருடம் லூடோப் போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. இகாங்கா ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஞாயிறு மதியம் ஆட்டம். ஜெயிக்கும் அணிக்கு ஓர் ஆடு. எங்கள் ஐந்தாவது ஆளின் லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. ஆள் குறைந்தால் அந்த ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். கௌதா அக்கா தேவாலயத்திலிருந்து அப்படியே எங்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நான் அவரைக் காட்டினேன்.

பாலிகோவா என் காதருகே வந்தார். "வேணாம்டா. அந்தக் கையா? இருக்கறதும் போயிரும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டுவிட்டது.

"நான் ஆடுறேன்," என்றார் அக்கா. "தோத்தா திட்டிக்குங்க. இப்பவே ஆரம்பிக்காதீங்க."

நான்கு ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் முகோயா. இகாங்காவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். கத்தரி மாதிரியே வாயும் ஓயாது.

"அம்மா, இது கரும்பு இல்ல. வெட்டினா சாறு வராது."

"வெட்டிப் பாக்குறேன். வந்தா நீங்களே குடிச்சுக்குங்க."

சொன்னபடி அக்கா அவர் காயை இரண்டு முறை வெட்டினார். கொட்டகை ஆரவாரமாகிவிட்டது. முகோயா விடவில்லை, விரட்டிப் பிடித்தார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு காய் மிச்சம், பழத்துக்கு மூன்று கட்டம். அக்காவுக்கு இரண்டு காய். இரண்டும் கடைசிச் சந்தின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இரண்டுக்கும் சரியாக ஆறு ஆறு வேண்டும். ஒன்று பழமாகி மற்றது நின்றால், முகோயா எப்படியும் முந்திவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அக்கா குலுக்கிக் கொட்டினார். ஒரு பகடை பலகை நடுவில் ஆறு காட்டி நின்றது. மற்றது சுழன்று ஓரத்துக்குப் போய், கீழே விழுந்து, முகோயாவின் நாற்காலிக்கு அடியில் உருண்டது. குனிந்து பார்த்தோம். ஆறு.

பலகையை விட்டு வெளியே போன பகடை செல்லாது. நின்ற பிறகு யாராவது தட்டிவிட்டிருந்தால் செல்லும். நடுவர் நடுவில் இருந்த பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரத்தைக் கவனிக்கவில்லை.

"நின்னுச்சு ஐயா! முகோயா முழங்கை பட்டுத்தான் விழுந்துச்சு!" என்று பாலிகோவா கத்தினார்.

"என் கை ரெண்டும் மடியில இருந்துச்சு! பொய் சொல்லாதய்யா!"

நடுவர் அக்காவைப் பார்த்தார். "போட்டது நீங்க. நீங்க சொல்லுங்கம்மா, நின்னுச்சா?"

நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"நிக்கல ஐயா. சுத்திக்கிட்டே போய் விழுந்துச்சு. யார் கையும் படல."

"பைத்தியமாக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

நடுவர் இரண்டு பகடையையும் மறுபடி போடச் சொன்னார். முகோயா நாற்காலிக்கு அடியில் கையை விட்டுப் பகடையை எடுத்தார். சட்டையில் துடைத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா குவளையைக் கவிழ்த்தார். ஒரு பகடை ஆறு. இன்னொன்று அதன்மேல் மோதி, திரும்பி, அதுவும் ஆறு.

அக்கா நடுவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இப்ப நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

அவர் இரண்டு காய்களையும் ஒவ்வொன்றாகப் பழத்தில் வைத்த பிறகுதான் கொட்டகை அதிர்ந்தது. முகோயா எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வண்டியில் திரும்பும்போது ஆடு எங்கள் காலடியில் கிடந்தது. பின் இருக்கையில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல விழுந்தப்போ சந்தோஷமா இருந்துச்சு," என்றார். "ரெண்டாவது தடவை பயமாயிருச்சு. என் கையிலேர்ந்து வந்த மாதிரியே இல்ல."

"அக்கா, பைத்தியம்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க."

"நினைச்சது தப்பில்ல. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அத்தனை பேர் முன்னால கத்தினதுதான் தப்பு."

திங்கட்கிழமை புதுத் தொல்லை தொடங்கியது. அதுவரை கௌதா அக்காவின் மேடையைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் இப்போது அங்கேயே வரிசை கட்டினார்கள். ஒருவன் புது லாரியின் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னான். இன்னொருவன் பிறந்து ஒன்பது நாளான குழந்தையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். அக்கா குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "இங்கே எடை மட்டும்."

எடை எப்போதும்போலவே வந்தது. மூன்று வாரத்தில் பாதி லாரிகள் மற்ற மேடைக்கே போய்விட்டன. அதில் அவருக்கு நிம்மதிதான்.

அடுத்த வருடம் அணியில் அவர் பெயரை முதலில் எழுதினோம். முதல் சுற்றிலேயே தோற்றார். மூன்று முறை தொடர்ந்து ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. சிரித்துக்கொண்டே குவளையை என்னிடம் தந்துவிட்டு எழுந்தார். போட்டி நடத்துபவர்கள் அவரை நடுவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். "எனக்கு ஆடத்தான் பிடிக்கும்" என்று மறுத்துவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு இகாங்காவுக்குப் போகிறார். முகோயாவின் கடையில், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மேசையில் இரண்டு பேரும் மாலைவரை ஆடுகிறார்கள். அக்காவின் பெரிய மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் முடி வெட்டிவிட்டவர் முகோயாதான். ஆட்டத்தில் இப்போது முகோயா பதினொரு ஆட்டம் முன்னால் இருக்கிறார். அதை அக்காவே சொல்கிறார், அவர் சொல்வதற்கு முன்னால்.