கழுத்து நெரித்த தோட்டா

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் எழுந்துபோய் வேறு வேலையைப் பாருங்கள். நான் தேயிலை பெக்டரியில் இருபது வருஷம் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன். பேய் பிசாசு என்று பேசுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் 1956 ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் இது எனக்கு நடந்தது.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கணக்கப்பிள்ளை பொன்னையா ஏழாம் நம்பர் மலையில் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் சுட்டுப்போட்ட வெறும் தோட்டா ஒன்று. போலீஸ் என் தம்பி சோலைமலையைப் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு நாளுக்கு முன்னால்தான் காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் பார்க்க, கணக்கப்பிள்ளையைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று கத்தியிருந்தான், மடையன்.

அந்தத் தோட்டாதான் வினோதம். அடியில் 303 என்று முத்திரை. வாயோ கால் அங்குலம். யாரோ பெரிய தோட்டாவின் கழுத்தை நெரித்துச் சின்னதாக்கியிருந்தார்கள். போலீஸ் சோதித்துப் பார்த்த எந்தத் துப்பாக்கிக்கும் அது பொருந்தவில்லை. பொருந்துகிற துப்பாக்கி எது என்று காட்டினால் தம்பியை மீட்கலாம், இல்லாவிட்டால் தூக்குதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தோட்டாவின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வழக்கு.

ஞாயிறு மாலை 3.45. பெக்டரிக்கு லீவு, உள்ளே நான் மட்டும். துரை பங்களாவில் சமையல் செய்யும் நல்லமுத்து, சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு மூச்சிரைக்க வந்தார்.

"நீங்க தேடுறது இதுதான். ஏழு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன பழைய தொரையோடது. சொல்லிச் செஞ்சது. தோட்டாவும் அவரே செஞ்சுக்குவாரு."

"பூட்டித்தானே இருந்துச்சு?"

"புதுத் தொரை சாவிய மறந்து வச்சிட்டு ஹட்டனுக்குப் போயிட்டாரு. ஆறு மணிக்குள்ள கொண்டாந்துருங்க, பழனியாண்டி. இல்லாட்டி என் பொழப்பு போச்சு."

அவர் நிற்கவில்லை. துப்பாக்கியைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வேலையில் இறங்கினேன். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் குழலில் பஞ்சு அடைத்து, உருக்கிய கந்தகத்தைப் பின்னாலிருந்து ஊற்ற வேண்டும். ஆறினால் தோட்டாவின் அச்சு கிடைக்கும். அதை அளந்து வக்கீலின் தாளோடு ஒப்பிட்டால் போதும்.

முதலில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டே கழலவில்லை. அப்படித் துரு. மண்ணெண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினேன். குழலுக்குள் சிலந்திவலை. ஏழு வருஷமாக இது சுடவே இல்லை. செவ்வாய்க்கிழமை யாரும் இதை வைத்துச் சுட்டிருக்க முடியாது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். எனக்குத் தம்பி வேண்டும்.

4.20. கந்தகத்தை ஊற்றினேன்.

4.26. முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு அச்சைத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். கம்பி என் பக்கமாகத் திரும்பி வந்தது... அரை அங்குலம். மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது.

"டக்."

போல்ட் பூட்டுகிற சத்தம். போல்ட் என் கண் முன்னால் மேசையில் கிடந்தது.

வெடிமருந்து வாசனை. கந்தகம் இல்லை... சுட்ட மருந்து. துப்பாக்கிக் கட்டை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

4.31. அச்சு தானாக நழுவி மேசையில் விழுந்தது.

அளந்தேன். கழுத்து சரி. தோள் சரி. நீளம் சரி. என் தம்பி பிழைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அச்சைத் திருப்பினேன். அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற இடத்தில். என் விரலைப் போல ஒன்றரை மடங்கு.

பெக்டரி மாடியில் பூட்ஸ் சத்தம்.

டக்... டக்...

மாடிக் கதவு பூட்டியிருந்தது.

படியில் இறங்கியது.

துப்பாக்கியையும் அச்சையும் அள்ளிக்கொண்டு நல்லமுத்துவிடம் ஓடினேன்.

திங்கட்கிழமை அச்சு வழக்குக்குப் போனது. போலீஸ் பங்களாவிலிருந்து துப்பாக்கியை எடுத்தது. தோட்டா பொருந்தியது. சாவி புதுத் துரையிடம். துரை அந்தச் செவ்வாய்க்கிழமை கொழும்பில். தம்பிக்கு அதில் கைவைக்க வழியே இல்லை என்று வெள்ளிக்கிழமை விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நல்லமுத்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தத் தோட்டா மூணுதான் மிச்சமிருந்துச்சு. செத்தவங்களுக்குப் புடிச்சதக் கூட வச்சு அனுப்புறது நம்ம வழக்கம்தானே? தொரையோட சவப்பெட்டியில நான்தான் வச்சேன். மூணையும்."

"அத ஏன் இப்ப சொல்றீங்க?"

"தொரைய காட்டுப்பன்னி குத்துனது ஊருக்கே தெரியும். கூடப் போனவங்க அவர விட்டுட்டு ஓடுனது யாருக்கும் தெரியாது. அவரு கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு..."

"யாரு ஓடுனது?"

"பொன்னையா. நான்." அவர் உள்ளே பார்த்தார். "அப்புறம் அவன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நல்லமுத்து பங்களாச் சமையலறை வாசலில் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் கழுத்து நெரித்த தோட்டா, இரண்டாவது.

அன்று பகல் 12.10க்கு நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கொன்றது என் தம்பிதான், அவனைப் பிடித்து உள்ளே பூட்டுங்கள் என்று காலில் விழுந்து கெஞ்சினேன்.

அவர்கள் கேட்கவில்லை. அந்தத் தோட்டாவைச் சுடுகிற துப்பாக்கி ஒரு வாரமாக ஸ்டேஷன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்குப் போ என்றார்கள்.